காலால் திறக்கிற குப்பை வாளி

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் ஊற்றும் பாலில் ஒரு சொட்டை நகத்தில் விட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பேன். கடையில் வாங்கும் கொத்துமல்லி விதையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டுத்தான் பையை விரிப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால், இவர்களுக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், "நீ போலீஸ் ஸ்டேஷன்ல பொறந்திருக்கணும்" என்று கேலி செய்வார். இதை எதற்குச் சொல்கிறார் என்றும் யோசிப்பேன்.

அவர் டிரசர். மலாயாவில், உலு திராம் பக்கம், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரி அவர் பொறுப்பில் இருந்தது. டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுப்பது, ரப்பர் மரம் சீவும் பால்கத்தி வெட்டிய காலுக்குக் கட்டுப்போடுவது, பிரசவத்துக்கு ஆயாவோடு நிற்பது எல்லாம் இவர்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பலகை வீடு எங்களுடையது.

இந்தக் கதை நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். அப்போது நான் ஐந்து மாதம். அது இரண்டாவது பிள்ளை. முதல் பெண்பிள்ளை பத்து மாதத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். அவளைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து ஒன்றரை வருஷமாக, அவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் பேசாததற்குக் காரணம் இருந்தது.

விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து குப்பையை வெளியே கொட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கொட்டினால் லட்சுமி கூடவே போய்விடுவாள். அவளுக்கு முடியாமல் போவதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் அறுத்த பலாப்பழத்தின் சக்கையும் நாரும் கொட்டையும் பிரம்புக் கூடையிலேயே, அடுப்பங்கரைக் கதவோரம், விடியும்வரை இருந்தன. காலையில் நான் கொல்லையில் தண்ணீர் மொண்டுகொண்டு நின்றேன். திரும்பி வந்தால், தவழ்ந்து போன பிள்ளை கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி நாரை வாயில் வைத்திருந்தது. கூடை முழுக்க ஈ. நான் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். எல்லாம் எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மறுநாள் போக்கு ஆரம்பித்தது.

"அவ எதையாச்சும் வாயில போட்டாளா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். தாய்ப்பாலும் கொஞ்சம் கஞ்சியும்தான் என்றேன். பயத்தில் வந்த பொய். பிறகு அதை மாற்றிச் சொல்ல வேளை வரவில்லை. நாலாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தேநீரைக் குடித்துக்கொண்டே, "நம்ம அடுப்படிக்கு மூடி போட்ட குப்ப வாளி ஒண்ணு வாங்கணும். கால வச்சு மிதிச்சா தானா தொறக்கும். விட்டா மூடிக்கும்" என்றபோது நான் பயந்துபோய்க் கதவோரக் கூடையைத் திரும்பிப் பார்த்தேன்.

"இப்ப எதுக்கு அது? கூட நல்லாத்தான இருக்கு?"

"ஈ வருதுல்ல."

"ஈ இன்னைக்குத்தான் வருதா?"

அவர் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார். இவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று அன்று முழுக்க என் மண்டை குடைந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் யாராவது பார்த்திருப்பார்களோ, பார்த்தவர்கள் இவர் காதில் போட்டிருப்பார்களோ என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன்.

அடுத்த வாரம் ரப்பர் ஷீட் ஏற்றிப்போகும் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஜொகூர் பாரு டவுனுக்குப் போனோம். இந்த மாதிரிச் சாமான் வாங்க என்னை அவர் கூட்டிப் போனதே இல்லை. "நீதான பொழங்கப் போற, நீயே பாத்து எடு" என்றார். எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கடை ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்பார்கள். ஆணி, சங்கிலி, மண்ணெண்ணெய் விளக்கு, இரும்புக் கட்டில் என்று கூரைவரை சாமான். தவுக்கே உள்ளே போய் மூன்று வாளிகளைக் கொண்டுவந்து சிமெண்டுத் தரையில் வரிசையாக வைத்தார். ஒன்று பச்சைப் பெயிண்ட் அடித்த தகரம், உயரமாக இருந்தது. ஒன்று வெள்ளை எனாமல், கருப்பு மூடி. மூன்றாவது வெளிர் நீலம், கொஞ்சம் குட்டை. மூன்றுக்கும் அடியில் நாக்கை நீட்டினாற்போல ஒரு இரும்பு மிதி.

தவுக்கே செருப்புக் காலால் பச்சை வாளியை ஒரு மிதி மிதித்தார். மூடி படாரென்று திறந்து பின்பக்கச் சுவரில் இடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தத்தால் மட்டும் இல்லை. சோறு ஆக்குகிற இடத்தில் வைக்கப்போகிற பாத்திரத்தைக் காலால் உதைப்பதா? எங்கள் வீட்டில் தெரியாமல் ஒரு தட்டில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தேன். தவுக்கே சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன். பச்சைக்கு மூடி சரியாக உட்காரவில்லை. சுண்டுவிரல் போகிற அளவு இடுக்கு இருந்தது. அதில் ஈ போகாதா? மிதித்தால் பின்னால் சாயவும் சாய்ந்தது. வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

வெள்ளைதான் எனக்குப் பிடித்தது. உள்ளே தனியாகத் தூக்கிக் கழுவுகிற வாளி இருந்தது. கைப்பிடி உறுதி. மூடி சத்தமில்லாமல் இறங்கிப் பொருந்தி உட்கார்ந்தது. வெள்ளையில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். என்னைப் போல ஒருத்திக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"இது எடுக்கலாங்க" என்று நிமிர்ந்தேன்.

அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நீல வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையைக் குவித்து, மூன்று விரலால் மட்டும் மிதியை அழுத்தினார். பிறகு மூடியின் விளிம்பைக் கீழிருந்து மேலாக ஒரு விரலால் நெம்பினார். பக்கவாட்டில் பிடித்து இழுத்துச் சாய்க்கப் பார்த்தார். இவ்வளவு பெரிய மனிதர், டவுசரும் சட்டையுமாக, கடைத் தரையில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இப்படி விரலால் நோண்டுகிறார்?

"நீலம் எடுத்துக்குவோம். மிதி கெட்டியா இருக்கு" என்றார்.

"வெள்ளைக்கு என்ன கொறச்சல்?"

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம், விடு."

அப்போதுதான் தவுக்கே வெள்ளை வாளியைக் காட்டி, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "டூலு புன்யா சூடா ரோசாக் கா?" என்றார்.

மலாய் எனக்கு அவ்வளவு வராது. ஆனால் இது புரிந்தது. முன்பு வாங்கியது கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவன் வேற யாரயோ நெனச்சிக்கிட்டுக் கேக்குறான்" என்று சொல்லி, நீல வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். தவுக்கே என்னைப் பார்த்து, இல்லை, இவரேதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். தோட்டத்து ஆட்கள் வாங்குகிற சாமானா இது? வாங்கிய முகத்தைக் கடைக்காரர் எப்படி மறப்பார்?

லாரியில் திரும்பி வரும்போது நீல வாளி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மனதுக்குள் கேள்விகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். முன்பே ஒரு வாளி வாங்கியிருக்கிறார். அது எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பது பழைய மண்ணெண்ணெய் டின், அதை நான் தினமும் பார்க்கிறேன். அப்படியானால் அந்த வெள்ளை வாளி எந்த அடுப்பங்கரையில் இருக்கிறது? எவள் அதைக் காலால் மிதித்துக்கொண்டிருக்கிறாள்?

புதுப் பொருள் வீட்டுக்குள் வந்தால் மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் எடுத்துவைப்பேன். நீல வாளிக்கு வைக்கவில்லை. குப்பைக்கு எதற்குப் பொட்டு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு ஆத்திரம். அதைக் காலால் மிதிக்கவும் இல்லை. ஒரு குச்சியை வைத்து மிதியை அழுத்தித் திறந்தேன். அவர் பார்த்துவிட்டு, "காலால மிதிச்சா கையி சுத்தமா இருக்கும், அதுக்குத்தான அந்த மிதியே" என்றார். "சோறாக்குற எடத்துல கால நீட்டச் சொல்றீங்களா?" என்றேன். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததும் எனக்கு ஒரு குற்றமாகப் பட்டது. மடியில் கனம் இருக்கிறவர்தான் இப்படி அடங்கிப் போவார் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த பத்து நாள் நான் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவர் சட்டையைத் துவைக்கும் முன் முகர்ந்து பார்த்தேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டு அம்மாளைப் பார்க்கப் போகிற சாக்கில் அவள் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு பழைய பானைதான் இருந்தது. கடைசியில் என் கண் போய் நின்றது ஆஸ்பத்திரி ஆயாவிடம்.

ஆயாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். புருஷன் காய்ச்சலில் செத்துப் பல வருஷம். பளிச்சென்று வெள்ளைப் புடவை கட்டி, காலையிலிருந்து மாலைவரை என் வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறவள். வெள்ளை வாளி, வெள்ளைப் புடவை என்று என் மனம் தன்பாட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டது.

ஒரு மத்தியானம், அவர் லயத்துக்குக் காய்ச்சல்காரரைப் பார்க்கப் போயிருந்த நேரம், ஆயா வீட்டுக்குப் போனேன்.

"கறிவேப்பில இருக்கா ஆயா?"

"வாசல்லயே செடி நிக்குதே, பறிச்சிக்குங்கம்மா" என்றாள்.

நான் பறிக்கவில்லை. கதவைத் தாண்டி உள்ளே போய் நின்றேன். அடுப்பு, இரண்டு சட்டி, மூலையில் ஓலைக் கூடை. அதில் வெங்காயத் தோல். அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன்.

"டிரசரம்மா, வயித்துப் புள்ளையோட குனிஞ்சு குனிஞ்சு என்ன தேடுறீங்க?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மானம் போனாலும் போகட்டும் என்று கேட்டுவிட்டேன். "எங்க வீட்டுக்காரரு யாருக்கோ குப்ப வாளி வாங்கிக் குடுத்திருக்காரு. வெள்ள வாளி. கருப்பு மூடி. உனக்கா?"

அவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். சிரிப்பாள் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. சுவரில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

ஆஸ்பத்திரி ஸ்டோரைத் திறந்தாள். லைசால் வாடை மூக்கில் ஏறியது. கொய்னா பெட்டிகளுக்கும் உடைந்த ஸ்ட்ரெச்சருக்கும் பின்னால், கோணியில் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு உருளை இருந்தது. முடிச்சு பிரிக்கப்படவே இல்லை. கோணியின் கிழிசல் வழியாகக் கருப்பு மூடி தெரிந்தது.

"யாருக்கும் குடுக்கலம்மா. வந்த நாள்லருந்து இங்கதான் கெடக்கு. கூட்டுறப்பகூட இதத் தொடக் கூடாதுன்னுட்டாரு."

"எப்ப வந்துச்சு?"

ஆயா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உங்க புள்ளைக்கு ரொம்ப முடியாமப் போயி, மருந்து வாங்க டவுனுக்கு ஓடுனாரே. அன்னிக்கு. ஒரு கையில மருந்துப் பொட்டலம், ஒரு கையில இது."

நான் கொய்னா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை சாகக் கிடக்கும்போது ஒரு மனிதர் மருந்துக்கு ஓடுகிறார். ஓடுகிற வழியில் நின்று ஒரு குப்பை வாளி வாங்குகிறார். ஏன் வாங்குவார்? ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். பிள்ளையின் துணியை அலசியது அவர்தான். அலசும்போது பலா நாரைப் பார்த்திருக்கிறார். என்னிடம் கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். அது பொய் என்று அப்போதே அவருக்குத் தெரியும்.

பத்து நாளாக ஊரில் உள்ள பெண்களையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேன். அவரிடம் மறைக்கிறவள் நான்தான் என்பதை வசதியாக மறந்திருந்தேன். அந்த இடத்திலேயே எனக்கு என்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

"நான் தூக்கிட்டு வரவாம்மா?" என்று ஆயா கேட்டாள். வேண்டாம் என்றேன். பிறகு, "ஆயா, உன்ன நான் தப்பா நெனச்சிட்டேன்" என்றேன். "தெரியுது. கட்டிலுக்கு அடியில பாத்தீங்களே" என்றாள். அதன் பிறகுதான் லேசாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் வீட்டுக்கு நடந்தேன். கனமாகத்தான் இருந்தது.

முடிச்சைப் பிரித்தேன். உள்ளே கடைக்காரர் வைத்த வைக்கோல் அப்படியே இருந்தது. துடைத்தேன். மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தேன். இது என் மகளுக்காக வந்தது, இதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? நீல வாளியைக் குளிக்கிற அறைக்கு மாற்றிவிட்டு, வெள்ளையைக் கதவோரம், பழைய கூடை இருந்த அதே இடத்தில் வைத்தேன்.

மாலையில் அவர் வந்தார். அடுப்பங்கரை வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். தப்பிக்க வழி தேடுகிறவர் மாதிரி ஒருமுறை திரும்பிக் கொல்லையைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"அவ பலா நார வாயில போட்டா. நான் பாத்தேன். நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னேன்" என்றேன். ஒன்றரை வருஷம் மறைத்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"கேட்டுட்டா நீ உன்னயே சந்தேகப்பட ஆரம்பிச்சிருவ. உன் சந்தேகம் எனக்குத் தெரியாதா? புடிச்சா யாரையும் விடாது. ஊர்ல உள்ளவங்கள சந்தேகப்பட்டா நீ தாங்குவ. உன்னையே பட்டா தாங்க மாட்ட."

"இத்தன நாளும் வேற என்னங்க செஞ்சேன்?"

அவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிள்ளையைக் குழிக்குள் இறக்கியபோதுகூட அழவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கல் நெஞ்சு என்று நானும் நினைத்திருந்தேன்.

"அன்னைக்கே இத வீட்டுக்குக் கொண்டாந்தா எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நீ புரிஞ்சிக்குவ, அதான் ஸ்டோர்ல வச்சேன். அவ எந்திரிச்சதும் கொண்டாரலாம்னு நெனச்சேன். அப்பறம் அதத் தொடவே கை வரல." கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "வெளக்கு வச்ச பொறவு நீ குப்பைய வெளிய எடுக்க மாட்ட. எடுன்னு சொன்னா உனக்கு மனசு கேக்காது. மூடி கெட்டியா இருந்தா உள்ளயே இருந்துட்டுப் போகட்டும், புள்ள கைக்கு எட்டாதுன்னுதான்."

அதற்காகத்தான் கடைத் தரையில் உட்கார்ந்து மூன்று விரலால் அழுத்தியிருக்கிறார். மூடியைக் கீழிருந்து நெம்பியதும், சாய்த்துப் பார்த்ததும் எல்லாம் ஒரு பத்து மாதப் பிள்ளை என்ன செய்யுமோ அதுதான். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவரும் அழுதார்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. எழுந்து விளக்கேற்றிவிட்டு வந்து கீரை ஆய்ந்தேன். காம்புகளை அள்ளிக்கொண்டு வாளி முன்னால் நின்றேன். குச்சியைத் தேடவில்லை. வலது காலை எடுத்து மிதியில் வைத்தேன். மூடி திறந்தது, காம்பு விழுந்தது, மூடி இறங்கியது. பழக்கதோஷத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போனது. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அன்றைக்குத்தான் அவளைப் பற்றி முதன்முதலாகப் பேசினோம். அவள் தவழும்போது ஒரு முழங்காலை மட்டும் இழுத்து இழுத்துப் போவதை, கொய்னா புட்டியின் கார்க்கைக் கண்டால் கை தட்டுவதை. முதல் பல் எது முளைத்தது என்பதில் எங்களுக்குள் சண்டைகூட வந்தது. அவர் மேல்பல் என்று சாதித்தார். கீழ்ப்பல்தான். இடது பக்கம். அதை மட்டும் நான் அவருக்கு விட்டுக்கொடுக்கவே இல்லை.